குவாண்டம் புள்ளிகளின் மேற்பரப்புப் பொறியியல்

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் குறுக்களவே உள்ள குறைகடத்திப் படிகம். அது உமிழும் நிறத்தை அளவு தீர்மானிக்கிறது: சிறியது நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். பாடநூல்கள் இந்த அளவு விளைவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் புள்ளி எவ்வளவு பிரகாசமாக ஒளிரும், மின்சாரம் கடத்துமா என்பதெல்லாம் மேற்பரப்பின் வேலை. இத்தனை சிறிய படிகத்தில் அணுக்களில் பெரும் பங்கு வெளிப்புறத்தில்தான் இருக்கும். அண்டை அணு கிடைக்காத அவற்றின் நிறைவுறாப் பிணைப்புகள் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால், ஒளியாக வேண்டிய ஆற்றல் வெப்பமாக வீணாகும்.

1981இல் லெனின்கிராடில் அலெக்ஸி எகிமோவ் கண்ணாடிக்குள் உருவான செப்புக் குளோரைடு படிகங்களில் அளவு விளைவைக் கண்டார். கண்ணாடியில் புதைந்த படிகத்தின் மேற்பரப்பை யாரும் தொட முடியாது. 1983இல் பெல் ஆய்வகத்தின் லூயி புரூஸ் அதே விளைவைத் திரவத்தில் மிதந்த காட்மியம் சல்பைடு துகள்களில் காட்டியபின் மேற்பரப்பை மாற்றியமைக்கும் வழி திறந்தது. 1993இல் எம்.ஐ.டி.யில் மௌங்கி பவெண்டி குழுவினர் சூடான கரைப்பானில் மூலப்பொருள்களைச் சட்டென்று செலுத்தி, ஒரே சீரான காட்மியம் செலினைடு புள்ளிகளை வளர்த்தனர். கரைப்பானின் கரிம மூலக்கூறுகளே ஈனிகளாக ஒட்டிக்கொண்டு, துகள்கள் திரளாமல் தடுத்தன. ஆனால் அவை காட்மியம் அணுக்களை மட்டும் மூடின, செலினியம் வெறுமையாகவே நின்றது. ஒளிர்வுத் திறன் ஏறக்குறைய 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

திருப்பம் 1996இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸும் கியோ-சியோனெஸ்டும் புள்ளியின் மேல் துத்தநாக சல்பைடு உறையை வளர்த்தனர். ஒளிர்வு 50 விழுக்காட்டுக்கு ஏறியது. உள்ளே கருவாக இருக்கும் புள்ளியைவிட உறையின் ஆற்றல் இடைவெளி அகலமானது. அதனால் எலக்ட்ரான் கருவுக்குள்ளேயே தங்கி, மேற்பரப்புக் குறைகளை எட்டுவதில்லை. ஆனால் இரு படிகங்களின் அணு இடைவெளி ஏறத்தாழ 12 விழுக்காடு வேறுபடுகிறது. உறை தடித்தால் இறுக்கம் கூடி, புதுக் குறைகள் முளைக்கும். இடையில் காட்மியம் சல்பைடு அடுக்கு வைப்பது இதற்கு ஒரு தீர்வு. 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் போனது. உறை வளர்த்தவர்கள் பட்டியலில் இல்லை.

ஒளிக்கு நல்லதாயிருந்த ஈனிப் போர்வை மின்சாரத்துக்குத் தடையானது. நீண்ட கரிமச் சங்கிலிகள் எலக்ட்ரான் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவ விடுவதில்லை. 2009இல் டிமிட்ரி தலாபின் குழு அவற்றை அகற்றி, கரிமமற்ற சிற்றயனிகளை ஒட்டவைத்தது. 2011இல் டொரொண்டோவில் டெட் சார்ஜன்ட் குழு ஹாலைடு அயனிகளால் மூடிய காரீய சல்பைடு புள்ளிகளைக் கொண்டு சுமார் 6 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்கலத்தை உருவாக்கியது.

2013இல் சோனி தொலைக்காட்சிகளில் குவாண்டம் புள்ளிகள் இடம்பெற்றன. காட்மியத்தின் நச்சுத்தன்மை இண்டியம் பாஸ்பைடின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. எளிதில் ஆக்ஸிஜனேற்றமடையும் அதன் மேற்பரப்பை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்துச் சுத்தம்செய்து, இரட்டை உறை போர்த்திய சாம்சங் ஆய்வாளர்கள் 2019இல் கிட்டத்தட்ட 100 விழுக்காடு ஒளிர்வை எட்டினர். 2015இல் கவனம் பெற்ற, பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புள்ள புள்ளிகள் உறையே இல்லாமல் பிரகாசமாக ஒளிர்பவை. ஆனால் அவற்றின் ஈனிகள் தளர்வாகவே ஒட்டியிருப்பதால், கழுவிச் சுத்தம்செய்யும்போதே உதிர்ந்துவிடுகின்றன.