கஞ்சா லேகியமா, வலி மாத்திரையா? கொஞ்சம் வரலாறு

நீளமான இழை இது. மூட்டு வலி, முதுகு வலின்னு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறவங்களும் அவங்க வீட்டுல இருக்கிறவங்களும் பொறுமையா படிங்க.

திருவண்ணாமலையில் டாக்டரா இருந்தா இந்தக் கேள்வி வராம இருக்காது: "கிரிவலப் பாதையில ஒருத்தர் லேகியம் தர்றாரு சார், சாப்பிட்டா வலியே தெரியலையாம். மாத்திரையை நிறுத்திடலாமா?" வெளிநாட்டுல இருந்து வந்து தங்குறவங்களும் இதையேதான் கேட்கிறாங்க. லேகியத்துக்குப் பதிலா மிட்டாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இயற்கையானது, கெமிக்கல் இல்லை"ன்னு ஒரே வரியில் முடிக்கிறவங்க, "போதைப்பொருள், பேசாதே"ன்னு முடிக்கிறவங்க, ரெண்டு பேருமே இதோட வரலாறைப் படிக்கல.

1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வில்லியம் புரூக் ஓ'ஷானஸின்னு ஒரு ஐரிஷ் டாக்டர். (காலராவுக்கு நரம்பு வழியா உப்புக் கரைசல் ஏத்தலாம்னு முதல்ல சொன்னவரும் இவர்தான். பின்னாடி இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவரேதான். அப்படி ஒரு மனுஷன்.) நம்ம ஊர் வைத்தியர்கள் காலங்காலமா கஞ்சா கொடுக்கிறதைப் பார்த்து, முதல்ல விலங்குகளுக்கும் அப்புறம் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்.

மூட்டு வாதக்காரர் ஒருத்தருக்கு மதியம் 2 மணிக்கு ஒரு கிரெயின் கஞ்சாப் பிசின் கொடுக்கிறாங்க. அதாவது சுமார் 65 மில்லிகிராம். 4 மணிக்கு மனுஷன் பாடுறார், சாப்பாடு இன்னும் கொண்டான்னு கேட்கிறார், எனக்கு ஒண்ணுமே இல்லைங்கிறார். 8 மணிக்கு உணர்வில்லாம கிடக்கிறார். கையைத் தூக்கிவிட்டா தூக்கின இடத்துலயே நிக்குது. அப்புறம் பிழைச்சுக்கிட்டார்.

அந்த மணிக்கணக்கைத் திரும்பப் பாருங்க. புகைச்சா நிமிஷத்துல ஏறும். சாப்பிட்டா குடல், ஈரல் வழியா போகணும்; அரை மணியில இருந்து ரெண்டு மணி நேரம் வரை ஒண்ணும் தெரியாது. ஈரல் அதை இன்னும் வீரியமான பொருளா மாத்தி ரத்தத்துல விடும். "ஒண்ணும் ஆகலையே"ன்னு இன்னொரு உருண்டை போடுறவங்கதான் ராத்திரி படபடப்போட, உளறலோட ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. 1839-லயே எழுதி வெச்ச விஷயம் இது.

ஓ'ஷானஸி லண்டனுக்குப் போனப்போ இன்னொரு சிக்கல். கல்கத்தாவுல அரை கிரெயின் செய்த வேலைக்கு அங்கே 10, 12 கிரெயின் தேவைப்பட்டது. வழியிலேயே வீரியம் போயிடுது. ஒரு புட்டி மாதிரி இன்னொரு புட்டி இல்லை. விக்டோரியா மகாராணியின் மருத்துவர் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 1890-ல் இதை நல்ல மருந்துன்னு பாராட்டி எழுதினார், ஆனா சுத்தமானதா, கவனமா கொடுக்கணும்னு நிபந்தனை போட்டுத்தான். (மகாராணியே மாதவிடாய் வலிக்குச் சாப்பிட்டாங்கன்னு வர்ற ஃபார்வர்டுக்கு நேரடி ஆதாரம் கிடையாது.)

அதுக்குள்ள ஊசி வந்துடுச்சு. மார்ஃபின் உப்பு தண்ணியில் கரையும், ஊசியில் போகும், அளவு துல்லியம். கஞ்சாப் பிசின் தண்ணியில் கரையாது. 1899-ல் ஆஸ்பிரின். கஞ்சா மருந்துப் பெட்டியை விட்டு வெளியே போனதுக்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை, அளக்க முடியாமப் போனதும் காரணம்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். வேலூர் பஸ்ல போறப்போ கணியம்பாடி தாண்டுவீங்களே, அந்தக் கணியம்பாடியில் வெள்ளைக்காரன் காலத்துல உரிமத்தோட கஞ்சா விளைஞ்சது. 1893-94-ல் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளைக் கேட்டது. அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, மிஞ்சினா கேடு, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம்னு அறிக்கை. அரசாங்கத்துக்கு வரி வருமானமும் முக்கியம், அதை மனசுல வெச்சுத்தான் படிக்கணும்.

1985-ல் போதைப்பொருள் சட்டம். இலையும் விதையும் மட்டும்னா அந்தச் சட்டத்தோட 'கஞ்சா' விளக்கத்துக்குள்ள வராது, அதனாலதான் வடக்கே பாங் கடை. "அப்போ இங்கேயும் சட்டப்படி சரிதானே"ன்னு கேட்காதீங்க. தமிழ்நாட்டுக்கு 1937 மதுவிலக்குச் சட்டம் தனியா இருக்கு, இலையும் அதுல அடக்கம். சித்த மருத்துவத்துல கஞ்சாவுக்கு இடமுண்டு, ஆனா மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்ங்கிற எச்சரிக்கையோட. பாதையோரத்து உருண்டை அந்தக் கணக்குல வராது.

அந்தச் சட்டத்தால் உண்மையில் அடி வாங்கினது யார் தெரியுமா? கஞ்சா அடிக்கிறவன் இல்லை, புற்றுநோயாளி. மார்ஃபின் வாங்க ஆஸ்பத்திரிகள் நாலஞ்சு உரிமம் எடுக்கணும், ஒண்ணு காலாவதியானா மத்ததும் வீண். உலகத்துக்கே மருத்துவ அபின் விளைவிக்கிற நாட்டுல மார்ஃபின் பயன்பாடு 1985-க்கு அப்புறம் 97 சதவீதம் சரிஞ்சு, 1997-ல் 18 கிலோவுல வந்து நின்னது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா போராடித்தான் 2014-ல் திருத்தம் வந்தது. இப்போ ஒரே அனுமதி போதும். இதைப் பத்தி எனக்கு இன்னும் கோபம் உண்டு.

மறுபக்கம் அமெரிக்கா. 1996-ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையை மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் அள்ளிக் கொடுத்தாங்க, ஊர் ஊரா அடிமையாச்சு. இங்கே 2018-ல் டிரமடாலையும் போதைச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அதனால "டாக்டர் சீட்டு இருந்தா பத்திரம்"னு நானும் சொல்ல மாட்டேன். டைக்ளோஃபினாக்கை மெடிக்கல்ல கேட்டு வாங்கி மாசக்கணக்கா விழுங்கினா கிட்னி போகும், வயித்துல புண் வரும்.

இப்போ உங்க கேள்வி. 2020-ல் ஐ.நா. கஞ்சாவை ரொம்பக் கடுமையான பட்டியலில் இருந்து எடுத்தப்போ இந்தியாவும் ஆதரிச்சு ஓட்டுப் போட்டது. ஆராய்ச்சிக்கு வழி விடணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனா அடுத்த வருஷமே உலக வலி ஆய்வுச் சங்கம், வலிக்குப் பொதுவாப் பரிந்துரைக்கிற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. அதுவும் ஆய்வுல கொடுக்கிறது அளந்த மருந்து. லேகியத்துல எத்தனை மில்லிகிராம்னு கொடுத்தவருக்கே தெரியாது. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் வலி போகத்தான் செய்யும், சுகர் எகிறினப்புறம்தான் தெரியும்.

மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, தடவுற மருந்து, தேவைப்பட்டா குறைஞ்ச நாள் மாத்திரை. நரம்பு வலிக்கு வேற மருந்து. புற்றுநோய் வலின்னா தயங்காம மார்ஃபின் கேளுங்க. அரசு மருத்துவமனைகள்ல வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கு, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்றாங்க, 104-க்குக் கூப்பிட்டும் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே லேகியம் சாப்பிடுறவங்க எங்ககிட்ட மறைக்காதீங்க, போலீஸுக்குச் சொல்ல மாட்டோம். முக்கியமா இதய வால்வு மாத்தி வார்ஃபரின் எடுக்கிறவங்க. கஞ்சா அந்த மாத்திரையோட அளவை ரத்தத்துல ஏத்திவிடும், ரத்தக்கசிவு வரலாம். சாப்பிட்டது எதுவோ, மிச்சம் இருந்தா பொட்டலத்தோட எடுத்துட்டு வாங்க.