அயப்பாக்கத்துக் கணக்கும் மணிக்கட்டுக் கடிகாரமும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, அயப்பாக்கம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி ஒரு மத்திய அரசு வளாகம் இருக்கிறது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்பது அதன் பெயர். மருத்துவத் துறையினருக்கு என்.ஐ.இ. மனித உடலை அளந்து, அளந்ததைச் சரிபார்த்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவதுதான் அங்கே நடக்கும் வேலை. இன்று அதே தெருக்களில் காலை நடை போகிறவர்கள் பலரின் கையில் நாடித் துடிப்பு எண்ணும் கடிகாரம் கட்டியிருக்கிறது. அதுவும் உடலைத்தான் அளக்கிறது. அந்த அளவை எந்த மட்டுக்கு நம்பலாம் என்று கேட்பவருக்கு, இந்த வட்டாரத்தின் பழைய கதையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

என்.ஐ.இ. 1999 ஜூலை 2 அன்று இரண்டு அமைப்புகளை இணைத்து உருவானது. ஒன்று, ஆக்ராவில் ஜப்பானியத் தொழுநோய்ப் பணிக்குழு தொடங்கிய ஜால்மா நிறுவனம் ஆவடியில் வைத்திருந்த களப்பிரிவு. மற்றொன்று, சென்னையில் இயங்கிய மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம். முதலாவது ஊர் ஊராகப் போய் நோயாளியைத் தொட்டுப் பார்த்தது. இரண்டாவது கணக்குப் போட்டது.

தொழுநோயைக் கண்டுபிடிக்கக் கைதான் முதல் கருவி. வெளிறிய தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்; முழங்கையோரம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் வருடிப் பார்க்க வேண்டும். அப்படிப் பழகிய கைகளோடு, 1991 ஜனவரியில் தொழுநோய்த் தடுப்பூசிக்கான பெரும் பரிசோதனை ஒன்று தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் பின்னாளில் என்.ஐ.இ.யின் முதல் இயக்குநரான டாக்டர் எம்.டி. குப்தே. சுமார் 3 லட்சம் பேரைப் பரிசோதித்து, அவர்களில் முன்வந்த 1,71,400 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு நான்கு வகைத் தடுப்பு மருந்துகளில் ஒன்று. சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது. முடிவுகள் 1998இல் வெளியாயின. பி.சி.ஜி. மட்டும் தந்த பாதுகாப்பு 34.1 சதவீதம், ஐ.சி.ஆர்.சி. என்ற இந்தியத் தடுப்பூசி தந்தது 65.5 சதவீதம்.

அந்த உப்புநீர்க் குழு இல்லாவிட்டால் இந்த எண்கள் எவற்றுக்கும் பொருள் இருந்திருக்காது. ஒப்பிட்டுப் பார்க்காத அளவு அளவே ஆகாது என்ற பாடத்தை ஆவடி அன்றே கற்றிருந்தது.

கடிகாரத்தின் பக்கம் வருவோம். இந்தப் புறநகர்களுக்குக் கைக்கடிகாரம் என்றால் முதலில் ஷிப்ட் நேரம்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு தொழிற்பேட்டை. ஆவடியில் விஜயந்தா டாங்கி செய்த கனரக வாகனத் தொழிற்சாலை. சங்கு ஊதும் முன் வாசலுக்குள் நுழைந்தாக வேண்டிய வாழ்க்கை. எச்.எம்.டி. கடிகாரம் கையில் ஏறிய காலம் அது. அதன் செகண்ட் முள்ளை மருத்துவத்துக்குப் பயன்படுத்தியவர்கள் செவிலியர்கள்தான். முருகப்பா குழுமம் 1966இல் அம்பத்தூரில் தொடங்கிய சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை போன்ற இடங்களில், நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கண்ணைக் கடிகாரத்தில் நிறுத்தி நாடி எண்ணுவது அன்றாட வேலை.

நாடியைக் கடிகாரத்தோடு சேர்த்தது ஐரோப்பாவில். ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1707இல், சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றை நாடி எண்ணுவதற்கென்றே செய்வித்து நூலும் எழுதினார். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர்களுக்கு எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று நாடியின் நடையைப் பார்த்தார்கள்; ஒன்று அன்னம்போல, ஒன்று ஆமைபோல, ஒன்று தவளைபோல. ஒரு விஷயத்தில் மட்டும் ஃப்ளாயரும் நம் வைத்தியரும் ஒன்று: நாடி பார்த்தவரே நோயாளியின் முகத்தையும் பார்த்தார், கேள்வியும் கேட்டார்.

விரலின் இடத்துக்கு வெளிச்சம் வந்தது 1937இல். அல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தோலின் மேல் ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியில் படித்தார். ஸ்மார்ட்வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு செய்வது அதே வேலை. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் அதே வழியில் ரத்தத்தின் ஆக்சிஜனையும் அளந்து காட்டினார். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் விளையாட்டு வீரர்களுக்குக் கம்பியில்லா இதயத் துடிப்புமானியைக் கொண்டுவந்தது. ஆப்பிள் வாட்ச் 2015இல் வந்தது. 2018இல் அதில் ஈ.சி.ஜி. சேர்ந்தது. அதன் பிறகு நாடி எண்ணும் கடிகாரம் இந்தியாவில் இரண்டாயிரம் ரூபாய்க்குக்கூடக் கைக்கு வந்துவிட்டது.

இந்தக் கடிகாரத்தின் உண்மையான பலம், அது கழற்றாமல் கூடவே இருப்பது. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற இதயக் கோளாறு வந்து வந்து போகும். டாக்டரிடம் போன நேரத்தில் இருக்காது. ஆனால் இதயத்தில் ரத்தக்கட்டி உண்டாக்கிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இதைக் கடிகாரம் பிடிக்குமா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரிடம் பார்த்தது. முடிவுகள் 2019இல் வெளியாயின. எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம்தான். அவர்களில் ஈ.சி.ஜி. பட்டையை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களுள் 34 சதவீதத்தினருக்குக் கோளாறு உறுதியானது. பட்டை ஒட்டியிருந்தபோதே கடிகாரம் எச்சரித்த சமயங்களில் 84 சதவீதம் சரியாக இருந்தது. மணிக்கட்டில் கட்டும் ஒரு பொருளுக்கு இது சிறப்பான தேர்ச்சி. ஆனாலும் ஆவடிக் கண்ணோடு பார்த்தால் ஒரு குறை தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. இது முதியவர்களை அதிகம் தாக்கும் நோய், பங்கேற்றவர்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் 40 வயதைத் தொடாதவர்கள்.

ஆக்சிஜன் அளவில் சிக்கல் இன்னும் பெரிது. கொரோனா காலத்தில் விரல்நுனி ஆக்சிமீட்டர் வீட்டுக்கு வீடு வந்ததை மறந்திருக்க மாட்டோம். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் அபாயமாகக் குறைந்திருந்த சமயங்கள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியை விழுங்குகிறது. மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவிக்கே இந்த நிலை என்றால், வியர்வையும் அசைவும் தளர்ந்த பட்டையும் சேர்ந்த மணிக்கட்டில் கருத்த, மாநிறத் தோலுக்குக் காட்டும் எண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு வருவோம். அயப்பாக்கத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் 2020இல் என்.ஐ.இ. பங்கேற்று நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு நோய். நோயுள்ள நூறு பேரில் ஏழு பேருக்குத்தான் அது அடங்கியிருக்கிறது. இந்த எண்ணைப் படித்துவிட்டு எளிதில் கடந்துபோக முடியாது.

கைப்பட்டை இறுக்காமல், ஒளியை மட்டும் வைத்து ரத்த அழுத்தம் சொல்லும் கடிகாரங்கள் உண்மையில் ஊகிக்கின்றன. சாம்சங் நிறுவனமே தன் கடிகாரத்தை 28 நாளுக்கு ஒருமுறை சாதாரண பி.பி. மிஷினோடு வைத்துச் சரிசெய்யச் சொல்கிறது. மலிவுக் கடிகாரங்களில் பலவற்றுக்கு அந்த வசதியும் இல்லை, அவற்றின் எண்ணுக்குப் பின்னால் ஆய்வும் இல்லை. ஊசி குத்தாமல் சர்க்கரை சொல்வதாக விற்கும் கடிகாரங்கள் இன்னும் ஆபத்து. அப்படி எந்தக் கடிகாரத்துக்கும் தான் அனுமதி தந்ததில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

அழுத்தத்தை அடக்க எது உதவியது என்பதற்கும் என்.ஐ.இ.யிடம் விடை இருக்கிறது. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஒருங்கிணைத்தது அந்த நிறுவனம்தான். ஐந்து மாநிலங்களில் முதலில் 25 மாவட்டங்கள். கையாண்ட வழிகள் எளியவை: எல்லாருக்கும் ஒரே மருந்து முறை, மருந்து தீராத இருப்பு, நல்ல பி.பி. மிஷின், வராதவரைப் போனில் கூப்பிட்டு வரவைப்பது. 2022இல் அதற்கு ஐ.நா. விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். கடிகாரம் எண்ணைச் சொல்லும். அடுத்த மாதம் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்க அதற்கு வழியில்லை.

ஆகவே கடிகாரம் வைத்திருப்பவர்கள் நடை எண்ணிக்கைக்கும் ஓய்வு நேரத் துடிப்புக்கும் அதை நம்பட்டும். துடிப்பு ஒழுங்கற்றது என்று அது சொன்னால் அலட்சியப்படுத்தாமல் டாக்டரிடம் காட்டட்டும். ரத்த அழுத்தத்துக்கு, ஒரு சுமாரான ஸ்மார்ட்வாட்ச் விலையில் மேற்கையில் சுற்றும் மிஷினே கிடைக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசே இல்லை.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட அவசரமானது. மாரடைப்பைக் கடிகாரத்தின் ஈ.சி.ஜி. கண்டுபிடிக்காது, தயாரித்த நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. இதயத்தை மருத்துவமனை பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது, கடிகாரம் ஒரே கோணத்தில். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. நெஞ்சு வலித்தால் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.