கடிகாரம் செய்தவரும் குடம் செய்தவரும்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"இவ்வளவு ஒழுங்கான உலகம் தானாகவா வந்திருக்கும் சார்?" நான் வரலாறு நடத்திய காலத்தில் அநேகமாக எல்லா ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வி எளிமையானது. அதன் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வாதம் இருக்கிறது.

இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் பேலி 1802இல் 'இயற்கை இறையியல்' என்ற நூலை எழுதினார். பொட்டல்வெளியில் நடக்கும்போது ஒரு கடிகாரம் கிடக்கிறது. அதன் பற்சக்கரங்களையும் சுருள்வில்லையும் பார்த்தவர் இதை யாரோ செய்திருக்கிறார் என்றுதான் சொல்வார். கண் அதைவிட நுட்பமானது. அப்படியானால் கண்ணையும் ஒருவர் வடிவமைத்திருக்க வேண்டும். இதுதான் பேலியின் வாதம்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மறுப்பு 23 ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் எழுதிய 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்' 1779இல் வந்தது. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருக்கும்போது வெளியிட வேண்டாம் என்று நண்பர்களே தடுத்திருந்தார்கள். ஹியூம் கேட்டவை இவை: வீடு கட்டுவதைப் பல முறை பார்த்திருக்கிறோம், உலகம் உண்டாவதை யார் பார்த்தார்? ஒரு கப்பலைக் கட்டப் பல பேர் சேர்கிறார்கள், உலகத்தை மட்டும் ஒருவர்தான் செய்தார் என்று எப்படிச் சொல்வது? இவ்வளவு துன்பம் நிறைந்த உலகைப் பார்த்து, செய்தவர் முழுக்க நல்லவர் என்று எப்படி முடிவு கட்டுவது?

இனி நம் பக்கம் வருவோம். மிதிலையைச் சேர்ந்த உதயணர் 'நியாயகுசுமாஞ்சலி'யில் இதே போன்ற வாதத்தை வைத்தார். குடம் செய்யப்பட்ட பொருள், அதற்குக் குயவர் உண்டு. உலகமும் செய்யப்பட்ட பொருள், அதற்கும் ஒரு கர்த்தா உண்டு.

இதை மறுத்தவர்களில் பௌத்தர்கள் இருந்ததில் வியப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜரும் மறுத்தார் என்பதைத்தான் பலர் அறிவதில்லை. மலையும் கடலும் ஒரே சமயத்தில் ஒரே ஒருவரால் செய்யப்பட்டவை என்று அனுமானத்தால் நிறுவ முடியாது என்கிறார் ஸ்ரீபாஷ்யத்தில். நாம் கண்ட செய்வோர் எல்லாரும் உடலும் குறைந்த ஆற்றலும் உள்ளவர்கள். அவர்களை வைத்து அனுமானித்தால் கிடைப்பவரும் அப்படிப்பட்டவர்தான், எல்லாம் வல்ல இறைவன் அல்ல. ஹியூமுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு சொன்னது இது!

ஆனால் நோக்கம் வேறு. ஹியூம் ஐயத்தில் நின்றார். இராமானுஜரோ, இறைவனை அறிய வேதமே வழி, அனுமானம் அல்ல என்றார். வேதத்தைப் பிரமாணமாக ஏற்காதவரிடம் அந்தப் பதில் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேலிக்குப் பெரிய அடி 1859இல் விழுந்தது. கேம்பிரிட்ஜில் பேலியை ரசித்துப் படித்த மாணவர் சார்லஸ் டார்வின். 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் கண்ணையே எடுத்துக்கொண்டார். ஒளியை மட்டும் உணரும் எளிய நரம்பிலிருந்து படிப்படியாக, ஒவ்வொரு படியும் அந்த உயிருக்குப் பயன்பட்டு, கண் உருவாகியிருக்க முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கம்பளிப்புழுவை உயிரோடு உள்ளிருந்தே தின்னும் குளவிகளை ஓர் அருளாளர் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்றார். அந்த ஆசா கிரே அமெரிக்கத் தாவரவியல் அறிஞர். பரிணாமத்தையும் ஏற்றார், கிறித்தவராகவும் இருந்தார்.

இன்று ஒரு பக்கம் "கண்ணைப் பாருங்கள், கடவுள் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இன்னொரு பக்கம் "டார்வின் வந்தார், கடவுள் போனார்" என்று வருகிறது. இரண்டும் அவசர முடிவு. ஒரு நிரூபணம் விழுந்தால் அந்த நிரூபணம் விழுந்தது, அவ்வளவுதான். கடவுள் உண்டா இல்லையா என்பது அத்தோடு முடிவதில்லை.

பிள்ளைகள் கேட்டால் பேலியையும் சொல்லுங்கள், ஹியூமையும் சொல்லுங்கள். தன் தரப்புக்கு உதவும் வாதம் என்பதற்காகவே ஒரு பலவீனமான வாதத்தை இராமானுஜர் காப்பாற்றவில்லை. பக்தரும் நாத்திகரும் அவரிடம் கற்க வேண்டிய நேர்மை அது.

உங்கள் கருத்தை எழுதுங்கள். மாறுபட்டாலும் மரியாதையோடு பேசுவோம்.