கால்குலேட்டரும் குளத்துத் தண்ணீரும்



மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க என்று கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நியூமரிக்கல் மெத்தட்ஸ் வகுப்புதான். கையில் கேசியோ எஃப்எக்ஸ்-991 எம்எஸ். அதில் தொகையீட்டுக்கு ஒரு பொத்தான் உண்டு. உள்ளே ஓடுவது சிம்ப்சன் விதி. ஆனால் இரட்டைத் தொகையீடு கொடுத்தால் கையை விரித்துவிடும். 1985-இல் வந்த முதல் கிராஃபிங் கால்குலேட்டரான எஃப்எக்ஸ்-7000ஜி-யிலும் அதற்குத் தனிப் பொத்தான் கிடையாது. புரோகிராம் எழுத வேண்டும். டிஐ-83-இல் ஒரு தொகையீட்டுக்குள் இன்னொன்றை வைத்தால் பிழை காட்டும். 1998-இல் வந்த டிஐ-89 அதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் செய்தது இதுதான். 1/(x+y) என்ற சார்புக்கு x, y இரண்டும் 1 முதல் 2 வரை. y-க்கு 1, 1.5, 2 என்று மூன்று மதிப்பு கொடுத்து, மூன்று முறை பொத்தானை அழுத்தினால் 0.40547, 0.33647, 0.28768. ஓரத்து இரண்டையும், நடுவிலுள்ளதன் நான்கு மடங்கையும் கூட்டி ஆறால் வகுத்தால் 0.33984. சரியான விடை 0.33980. மூன்றே வெட்டுகளில் இவ்வளவு நெருக்கம்!

வெட்டிக் கூட்டும் இந்த யோசனை நமக்கு ரொம்ப தூரத்து சரக்கல்ல. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தக் கேரள மண்ணில் 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில், கோளத்தை மெல்லிய துண்டுகளாக்கிக் கூட்டி அதன் கனஅளவைக் கண்டிருக்கிறார். ஐரோப்பாவில் கெப்ளர் 1615-இல் மதுப்பீப்பாய்களை அளக்கப் புத்தகம் போட்டார். சிம்ப்சன் தம் விதியை வெளியிட்டது 1743-இல்.

சரி, இதெல்லாம் பரீட்சைக்குத்தானே என்று நானும் நினைத்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குளத்தின் கொள்ளளவைக் கணக்கிடச் சொன்னார்கள். ஆழம் 3 மீட்டர். மேல்மட்டப் பரப்பு 12,000 சதுர மீட்டர், அடிமட்டம் 1,000. இரண்டுக்கும் சராசரி எடுத்து 19,500 கனமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த வயதான ஓவர்சியர் பார்த்துவிட்டு, "நடுமட்டத்த அளந்தியா மக்ளே?" என்றார். அளக்கவில்லை. மறுநாள் அளந்தபோது 5,000. சிம்ப்சன்படி போட்டால் 16,500 தான் வந்தது. இல்லாத 3,000 கனமீட்டர் தண்ணீரை, அதாவது 30 லட்சம் லிட்டரை, காகிதத்தில் நிரப்பியிருக்கிறேன்! அதை நம்பி யாராவது நாற்று நட்டிருந்தால்?

அப்போதுதான் உறைத்தது: ஒவ்வொரு மட்டத்தின் பரப்பும் ஒரு தொகையீடு, அந்தப் பரப்புகளை ஆழத்தின் வழியே கூட்டுவது இன்னொன்று. குளம்தான் அந்த இரட்டைத் தொகையீடு.

மூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை, மிஞ்சின் துரை (நம் ஊரார் வாயில் மூக்கன் துரை) பேச்சிப்பாறை அணையைக் கட்டியபோது கால்குலேட்டர் ஏது? 48 அடி உயரத்துக்கு 435 கோடி கன அடி என்று நாம் சொல்லும் கணக்கும், மட்டம் மட்டமாகப் பரப்பளந்து கூட்டும் கணக்குதான். கன்னிப்பூவுக்கு எத்தனை நாள் மடை திறக்கலாம் என்பது அதில்தான் நிற்கிறது. எங்க அப்பா ஜூன் மாதம் பேப்பரில் முதலில் பார்ப்பது பேச்சிப்பாறை நீர்மட்டத்தைத்தான்.

தம்பி தங்கைகளே, இன்று உங்கள் செல்போன் இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிடும். போடட்டும். ஆனால் நடுமட்டத்தை அது போய் அளக்காது. நீங்கள்தான் குளத்தில் இறங்க வேண்டும்.

என் பழைய கேசியோ இன்னும் ஓடுகிறது. சந்திப்புக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.