சவ்வரிசி: சிங்கப்பூர்த் தமிழர் அடுக்களையில் ஒரு கடல்வழி வரலாறு

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கோயில், பள்ளி, நாளிதழ், தொழிற்சங்கம் ஆகியவற்றையே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்கின்றனர். அடுக்களை அவர்தம் பார்வைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், ‘தாயகத்திலிருந்து கொண்டுவந்த பாரம்பரிய உணவு’ என்னும் ஒற்றைத் தொடருக்குள் அது அடங்கிவிடுகிறது. இத்தொடர் எத்துணைப் பொருந்தும் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்களில் ஆக்கப்படும் இரு எளிய உணவுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, காய்ச்சல் கண்டவர்க்குக் கொடுக்கும் சவ்வரிசிக் கஞ்சி. மற்றொன்று, விருந்து நாளில் பரிமாறும் சவ்வரிசிப் பாயசம்.

இரண்டின் செய்முறையும் எல்லார்க்கும் தெரிந்ததே. கஞ்சிக்குச் சவ்வரிசியை ஊறவைத்து, மணிகள் கண்ணாடிபோல் தெளியும்வரை வேகவிட்டு, உப்போ சர்க்கரையோ இடுவர்; வயிறு தாங்குமாயின் சிறிது பாலும் சேர்ப்பர். பாயசத்திற்கு அதனையே நெய்யில் வறுத்துப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ வேகவைத்து, வெல்லமும் ஏலமும் முந்திரியும் கூட்டுவர். சிங்கப்பூரில் வெல்லத்திற்கு ஈடாகக் ‘குலா மலாக்கா’ எனும் தென்னங்கருப்பட்டியை இடுவதும், மணத்திற்குப் பாண்டான் இலையை முடிந்து போடுவதும் உண்டு. இதனை ஊர்க்கலப்பு என்று முதியோர் சிலர் குறைகூறக் கேட்டிருக்கிறோம். பாயசத்தில் அயற்பொருளைத் தேடுவதாயின், கருப்பட்டியையும் இலையையும் சுட்டுமுன் சவ்வரிசியைத்தான் சுட்ட வேண்டும்.

சொல்லும் பொருளும்

‘சவ்வரிசி’ அல்லது ‘ஜவ்வரிசி’ என்பது ‘சாவகத்து அரிசி’ என்பதன் திரிபு என்பது பரவலாக வழங்கும் விளக்கம். வெந்தபின் சவ்வுபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர். பொருள் வந்த திசையையும் ‘ஜவ்வரிசி’ என்னும் வடிவத்தையும் நோக்க, முன்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சாவகம் தமிழர்க்குப் புதிய பெயரன்று. மணிமேகலையில், அமுதசுரபியை முதலில் பெற்ற ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவக நாட்டின் அரசனாக நாகபுரத்திலிருந்து ஆள்கிறான். பசிப்பிணி தீர்க்கும் கலமும் சாவகமும் ஒரே காப்பியத்தில் வருவது சவ்வரிசிக்குச் சான்றாகாது எனினும், வகுப்பறையில் மாணவர்க்குச் சுட்டத்தக்க செய்தியாகும்.

இதன் மூலம் நெல் அன்று. தென்கிழக்காசியச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒருவகைப் பனை. மலாய் மொழியில் அதனை ‘ரும்பியா’ என்றும் அதன் மாவைச் ‘சாகு’ என்றும் வழங்குவர். பல ஆண்டு வளர்ந்த மரத்தைப் பூப்பதற்கு முன் வெட்டி, பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சீவி, நீரில் அலசி, கீழே படியும் மாவை எடுப்பர். பூத்துவிட்டால் மாவு குறைந்துவிடும் என்பதனால் காலமறிந்து வெட்டுவது இன்றியமையாதது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவில் தங்கிய மார்க்கோ போலோவும் மரத்திலிருந்து மாவெடுக்கும் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார்.

சாகோ தெரு

தீவுவாசிகளுக்கு இம்மாவு அன்றாட உணவு. அதனை நெடுநாள் கெடாத வெண்மணிகளாக்கிக் கப்பலேற்றும் தொழில் மலாக்காவிலும், பின்னர் 1819க்குப் பிறகு சிங்கப்பூரிலும் சீனர் கையில் வளர்ந்தது. சுமத்திராவின் கிழக்குக் கரையிலிருந்தும், பின்னாளில் சரவாக்கிலிருந்தும் ஈரமாவு சிங்கப்பூருக்கு வந்தது. அதனை மீண்டும் மீண்டும் கழுவி, ஓரளவு உலர்த்தி, துணித்தூளியில் இட்டு ஆட்டுவர். ஈரப்பொடி உருண்டு மணியாகும். சல்லடையில் அளவு பிரித்து, சூடான இரும்புச் சட்டியில் வறுத்தெடுத்தால் சவ்வரிசி. 1849இல் சிங்கப்பூரில் சீனர்க்குரிய 15 சாகோ ஆலைகளும் ஐரோப்பியர்க்குரிய 2 ஆலைகளும் இருந்தன. அங்கிருந்து ஐரோப்பாவிற்கும் இந்தியாவிற்கும் சரக்குச் சென்றது.

அவ்வாலைகளின் நினைவாகவே சைனாடவுனில் சாகோ தெருவும் சாகோ சந்தும் இன்றும் பெயர் தாங்கி நிற்கின்றன. 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் இருக்கும் சௌத் பிரிட்ஜ் சாலையிலிருந்தே சாகோ தெரு பிரிகிறது. கோயில் வாயிலிலிருந்து சில நிமிட நடைதான். சாகோ சந்து பிற்காலத்தில் சாகுந்தறுவாயில் இருந்த சீனர்கள் தங்கும் இல்லங்களுக்குப் பெயர்பெற்றதனால், ஆலைகளின் நினைவு மங்கிப்போயிற்று.

சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் வந்திறங்கிய இவ்வெண்மணிகள் தமிழகத்து அடுக்களைக்குள் எப்படி நுழைந்தன என்பதை வணிகக் கணக்கேடுகளில் காணவியலாது. கணக்கேடு துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் நிகழ்ந்தது பெண்களின் வேலை. அவர்கள் அதனைத் தாம் அறிந்த இரு வடிவங்களுள் பொருத்திக்கொண்டனர் எனலாம். நொய்க்கஞ்சி இருந்த இடத்தில் சவ்வரிசிக் கஞ்சி. அரிசிப் பாயசம் இருந்த இடத்தில் சவ்வரிசிப் பாயசம். எளிதில் செரிக்கும் நோயாளி உணவு என்று ஆங்கிலேயர் இல்லங்களில் சாகோவிற்கு இருந்த மதிப்பும் இதற்குத் துணைசெய்திருக்கலாம். தானியம் அன்று என்பதனால் மராட்டியத்தில் இது ஏகாதசி விரத உணவாகவே ஆகிவிட்டது. கடல் கடந்து வந்த பண்டம் விரதத்திற்கு உகந்ததாயிற்று என்பது சுவையான முரண்!

சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் நிலை இன்னும் வேறானது. ஊரில் கற்ற கஞ்சியையும் பாயசத்தையும் இங்கு ஆக்கிய பெண்கள், பண்டம் பிறந்த இடத்திற்கே செய்முறையைக் கொண்டுவந்தனர். அண்டை வீட்டு மலாய்ப் பெண்ணும் பெரானாக்கான் பெண்ணும் அதே மணிகளை வேகவைத்துத் தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் ஊற்றிப் பரிமாறினர். தமிழ்ப் பாயசத்தில் குலா மலாக்கா சேர்ந்தது ஒரு சேர்க்கை என்பதைவிட, பழைய உறவு புதுப்பிக்கப்பட்டது எனக் கொள்வதே தகும்.

போரும் கிழங்கும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசி வரத்துக் குன்றிப் பங்கீட்டு உணவாயிற்று. வீட்டுப் புறத்திலும் திடலிலும் மரவள்ளி நட்டு, அக்கிழங்கையே உண்டு மக்கள் மூன்றரை ஆண்டுகளைக் கழித்தனர். இன்றும் முதியோர் பலர்க்கு மரவள்ளி என்றால் பசியின் நினைவு.

அதே போர் தமிழகத்தில் வேறொரு விளைவை உண்டாக்கிற்று. சிங்கப்பூர், மலாயா, சாவகம் ஆகிய இடங்களிலிருந்து வந்த சவ்வரிசி நின்றுபோக, 1943 அளவில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், மலாயாவில் மரவள்ளி மாவுத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவின் துணையுடன், மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் சவ்வரிசியும் ஆக்கத் தொடங்கினார். தென்னமெரிக்காவில் தோன்றிய அக்கிழங்கு, 19ஆம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளின் ஊக்கத்தால் கேரளத்தில் பரவியிருந்தது. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, மாவைப் படியவிட்டு, துணித்தூளியில் உருட்டி, சட்டியில் வறுக்கும் சேலத்து முறை, முந்திய நூற்றாண்டில் சிங்கப்பூரில் சீனர் கையாண்ட முறையை அப்படியே ஒத்திருந்தது. மரம் மாறிற்று; தூளியும் சட்டியும் மாறவில்லை. தொழில் பெருகி, 1981இல் ‘சேகோசர்வ்’ எனும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் ‘சேலம் ஜவ்வரிசி’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் தனியுரிமையைக் காட்டும் குறியீட்டினுள் சாவகத்தின் பெயர் அமர்ந்திருப்பது நோக்கத்தக்கது.

தேக்காவில் இன்று

சிராங்கூன் சாலையில் 1915இல் திறக்கப்பட்ட பழைய தேக்காச் சந்தை இன்றில்லை. அதற்கு மாற்றாக 1982இல் எழுந்த சுஜியாவ் நிலையம் 2000இல் தேக்கா நிலையம் என்னும் பெயர் பெற்றது. அப்பகுதியின் மளிகைக் கடைகளில் தமிழகத்துச் சவ்வரிசி உளுந்துக்கும் சேமியாவிற்கும் அருகில் அடுக்கப்பட்டிருக்கிறது; சீனர் கடைகளில் தாய்லாந்து மணிகள். இரண்டும் மரவள்ளியே. ஒருகாலத்தில் இத்தீவிலிருந்து கப்பலேறிய பண்டம், மூலப்பொருள் மாறி, ‘ஊர்ச் சாமான்’ என்னும் பெயருடன் திரும்பி வந்திருக்கிறது.

தமிழ் வகுப்பில் ‘நமது பாரம்பரிய உணவு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள், வீட்டிலுள்ள சவ்வரிசிப் பொட்டலத்தின் மூலப்பொருட் பட்டியலைப் படித்துவரும்படி மாணவரைப் பணிக்கலாம். பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதவும் சொல்லலாம். அடுக்களை வரலாற்றுக்கு எழுத்துச் சான்று அரிது. வாய்மொழியும் நாள்தோறும் குறைந்துவருகிறது.

எம் பாட்டியார் சப்பானியர் காலத்தை இந்நகரில் கழித்தவர். மரவள்ளிக் கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவர அவர் ஒருநாளும் இசைந்ததில்லை. அதன் வாடை வந்தாலே எழுந்துபோய்விடுவார். தம் இறுதி மாதங்களில் அவர் விரும்பிக் குடித்தது, தேக்காவில் வாங்கிய சவ்வரிசியில் எம் தாயார் காய்ச்சிய கஞ்சி ஒன்றுதான். அது எதனால் ஆனது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.