ஒரு பாட்டுப் புத்தகம், இரண்டு திருச்சபைகள்



நாம் ஆராதனையில் பாடும் பாட்டை எழுதியவர் யார், எத்தகைய சூழலில் எழுதினார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்க மெதடிஸ்த போதகர் சார்லஸ் நட்டர் அதை ஆராய்வதில் பல ஆண்டுகள் உழைத்தார். தம் திருச்சபை பாடிவந்த பாட்டுகளின் வரலாற்றை 1884-இல் நூலாக வெளியிட்டார்.

அவருடைய திருச்சபை வட மாநிலங்களுக்குரியது. 1844-இல் நியூயார்க்கில் கூடிய பொது மாநாட்டில், ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை உடையவராயிருந்தது பெரும் விவாதமாயிற்று. அதன் விளைவாக மெதடிஸ்தர் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தனர். தென் திருச்சபையிலும் பாட்டுகளின் வரலாற்றைத் தேடிய ஒருவர் இருந்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியரான வில்பர் டில்லட், 1889-இல் அத்தகைய நூலொன்றை எழுதினார்.

1905-இல் இரு திருச்சபைகளும் இணைந்து ஒரே பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டன. அதிலுள்ள 700-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு நட்டரும் டில்லட்டும் சேர்ந்து விளக்கம் எழுதி, 1911-இல் வெளியிட்டனர். எழுதியவர் யார், எந்த ஆண்டில் வெளிவந்தது, எந்த வேதவாக்கியத்தைத் தழுவியது, எந்தச் சரணங்கள் விடப்பட்டன என்று பொறுமையோடு குறித்தனர். பிரிந்திருந்த இரு திருச்சபைகளின் போதகர்கள் ஒரே நூலின் ஆசிரியர்களானார்கள்!

திருச்சபைகள் இணைவதற்கோ 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் கறுப்பின மக்களின் சபைகள் நிறத்தின் அடிப்படையில் தனி ஆட்சிப் பிரிவில் வைக்கப்பட்டன. அந்தப் பிரிவு 1968-இல்தான் அகன்றது. பாட்டு ஒன்றாயிற்று, ஆனால் சகோதரனுக்குச் சமமான இடம் கிடைக்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த வரலாறு நம்மையும் சோதிக்கிறது. நீதி இல்லாத இடத்தில் எழும் பாட்டின் இரைச்சலைத் தேவன் கேட்க மறுப்பதை ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் கையிலும் ஒரே பாட்டுப் புத்தகம்தான் இருக்கிறது. ஆயினும் சாதியாலும், பழைய பகையாலும், சபைத் தேர்தல் கசப்பாலும் பேசாதிருக்கிறவர்கள் ஒரே பாட்டை ஒரே வேளையில் பாடுகிறோம் அல்லவா?

பாட்டு நம்மை ஒருவர் அருகில் ஒருவராக நிறுத்தும். மனந்திரும்புதலை நமக்குப் பதிலாக அது செய்துவிடாது. வரும் ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன், நீங்கள் போய்ப் பேசவேண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முதலில் செல்லுங்கள். அதற்குரிய தாழ்மையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.