கணித உலகில் அடைத்த கதவு

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணமாகும் என்பது பாரிஸிலும் உண்மை, பெர்லினிலும் உண்மை. ஆயினும் அவ்விரு நகரத்து அறிஞரும் ஓர் அவையில் அமரலாகாது என்று விதித்த காலம் ஒன்று இருந்தது. மாணவர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

உலகக் கணித மாநாடு முதன்முதல் 1897-இல் ஜூரிச் நகரில் கூடிற்று. 1900-இல் பாரிஸ் மாநாட்டில் ஜெர்மானியராகிய டேவிட் ஹில்பர்ட், புதிய நூற்றாண்டு விடை காண வேண்டிய வினாக்களை எடுத்துரைத்தார். அவ்வினாக்கள் எந்நாட்டு அறிஞரையும் சிந்திக்கத் தூண்டின.

பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. 1920-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மாநாடு கூடியபோது ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா ஆகிய நாடுகளின் அறிஞருக்கு அழைப்பில்லை. அங்கே தோன்றிய அனைத்துலகக் கணித ஒன்றியமும் அவர்களை விலக்கியே வைத்தது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தோரின் மனப்புண் ஆறவில்லை. 1924-இல் டொரான்டோவிலும் அதே நிலை நீடித்தது.

இதனைக் கண்டித்தோருள் ஒருவர், நம் இராமானுஜனின் மேதையை உணர்ந்து கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி. 1928-இல் இத்தாலியின் பொலோனா மாநாட்டை நடத்திய பின்கெர்லே, ஒன்றியத்தின் தடையைப் பொருட்படுத்தாது எல்லா நாட்டினரையும் அழைத்தார். செல்லலாகாது என்று ஜெர்மனியிலேயே சிலர் தடுத்தனர். ஹில்பர்ட் அதற்குச் செவிசாய்க்கவில்லை. தம் நாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். கணிதம் இன வேறுபாடு அறியாதது என்று அங்கே வற்புறுத்தினார். கதவடைத்த ஒன்றியமோ 1932-இல் செயலற்றுப் போயிற்று.

டொரான்டோ மாநாட்டில் எஞ்சிய பணத்தைக் கொண்டே கனடிய அறிஞர் ஃபீல்ட்ஸ் ஒரு பதக்கத்துக்கு வழிசெய்தார். அதில் எந்த நாட்டின் பெயரும், எவருடைய பெயரும் கூடாது என்பது அவர் விருப்பம். அவர் மறைந்தபின், 1936-இல் அது முதன்முறையாக வழங்கப்பெற்றது. உலகமோ அதனை அவர் பெயராலேயே அழைக்கிறது!

இரண்டாம் போருக்குப் பின் முன்னோர் செய்த பிழை மீண்டும் நிகழவில்லை. 1951-இல் எல்லா நாட்டினர்க்கும் இடமளிக்கும் கொள்கையுடன் ஒன்றியம் மறுபிறவி எடுத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரன், 1971 முதல் 1974 வரை அதன் தலைவராக வீற்றிருந்தார். 2010-இல் உலக மாநாடு ஹைதராபாத்துக்கு வந்தது.

அறிவுலகின் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் என்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. பகைமை அதனை அடைக்கும்போது, திறக்கத் துணிவோர் சிலரேனும் வேண்டும். அச்சிலருள் நீங்களும் இருத்தல் வேண்டும்.